சுதாராணி வாங்கிய மிஷின் கம்பெனிப் பங்குகள்

கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய ஒரு கன்ட்ரோல் போர்டு எட்டு மாதமாக வரவில்லை. உள்ளங்கை அகலம்கூட இல்லாத சாமான் அது. அது வராததால் பதினாறு லட்ச ரூபாய் மிஷின் ஒன்று பட்டறையின் நடுவில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. அதற்கு முன்பணம் கொடுத்தவர் வாரம் ஒருமுறை வந்து, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போவார். திட்டிவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும் சுதாராணிக்கு. 2021-ஆம் வருடம் அது.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் இருக்கிற பாலகணேஷ் அண்ணாச்சியின் பட்டறையில் அவள் சர்வீஸ் பொறுப்பாளர். அந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்றே சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய மிஷின்களைச் செய்கிற பட்டறை. குச்சி அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டி மடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மிஷின். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிப்பில் அறுபது பையன்களோடு ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து படித்து முடித்தவளை, ஸ்டோர்ஸில் நட்டு போல்ட் எடுத்துக் கொடுக்கத்தான் அண்ணாச்சி வேலைக்குச் சேர்த்தார். இருபது வருடத்தில் சுற்றுவட்டாரத்தில் எந்த ஆபீஸில் மிஷின் நின்றாலும் அவளுக்குத்தான் போன் வரும் என்று ஆகிவிட்டது. "போனை மிஷின் பக்கத்துல கொண்டு போங்க" என்பாள். சத்தத்தைக் கேட்டுவிட்டு, "செயின் தளர்ந்திருக்கு, ஓட்டாதீங்க, நான் வாரேன்" என்பாள். பெரும்பாலும் செயின்தான் தளர்ந்திருக்கும்.

கோயம்புத்தூர்க்காரருக்கு இருபதாவது தடவையாகப் போன் போட்டபோது அவர் சலித்துக்கொண்டார்.

"சிப் கிடைக்கலீங்க மேடம். எங்களுக்கு மட்டுமில்ல, கார் கம்பெனிக்காரனுக்கே கிடைக்கல. தைவான்ல இருந்து வந்தாத்தான் உண்டு."

"அவிய எந்த மிஷின்ல சார் சிப் செய்யுதாவ?"

"என்னங்க?"

"சிப் செய்யுததுக்கு ஒரு மிஷின் இருக்கும்லா. அந்த மிஷினை யாரு செஞ்சு கொடுக்கா?"

அவர் சிரித்துவிட்டு, தனக்கு அதெல்லாம் தெரியாது என்று வைத்துவிட்டார். சுதாராணிக்குச் சிரிப்பு வரவில்லை. மிஷின் செய்கிற இடத்தில் இருபது வருடம் நின்றவளுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றியது.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேயே போயிற்று. போனில் தேடுவாள், புரியாத வார்த்தைகளை நோட்டில் எழுதுவாள். சிப் செய்கிற ஆலைகள் உலகத்தில் கொஞ்சம்தான். அந்த ஆலைகளுக்கு மிஷின் கொடுக்கிற கம்பெனிகள் அதைவிடக் கொஞ்சம். ஒரு கம்பெனி சிப் ஆகப்போகிற சிலிக்கான் தகட்டின்மேல் படலம் பூசுகிற மிஷினைச் செய்கிறது, இன்னொன்று அந்தப் படலத்தைத் தேவையான இடத்தில் மட்டும் அரித்தெடுக்கிற மிஷினைச் செய்கிறது. ஒரு மிஷினின் விலையில் கோவில்பட்டியில் ஒரு தெருவையே வாங்கலாம். அமெரிக்கச் சந்தையில் இருக்கிற இந்தக் கம்பெனிகளின் பங்குகளை இங்கிருந்தே வாங்கலாம் என்பதும், ஒரு முழுப் பங்கு வாங்கப் பணம் போதாவிட்டால் அதில் ஒரு துண்டுகூட வாங்கலாம் என்பதும் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கையில் பணமும் இருந்தது. விளாத்திகுளத்துக்குத் தெற்கே அவள் அப்பா மிளகாயும் பருத்தியும் போட்ட கரிசல் நிலத்தை ஒரு சோலார் கம்பெனி மொத்தமாக வாங்கியிருந்தது. அவள் பங்குக்கு ஆறு லட்சம் வந்தது. அண்ணன் தங்கச்சாமி தன் பங்குக்குப் பைபாஸ் பக்கம் பிளாட் வாங்கிக் கல் ஊன்றினான். இவளையும் அதையே செய்யச் சொன்னான்.

சுதாராணி மூன்று லட்சத்தை மகள் உமாராணியின் படிப்புக்கென்று பாங்கில் டெபாசிட் போட்டாள். அதை யாரும் எதற்கும் தொடக்கூடாது என்று கணவன் சண்முகராஜிடமும் சொல்லிவிட்டாள். மிச்சம் மூன்று லட்சத்தோடு பாங்குக்குப் போனாள்.

பாங்க் அதிகாரி பாரத்தைப் புரட்டிப் பார்த்தார். "அமெரிக்காவுக்கா? பிள்ளை அங்க படிக்கா?"

"இல்ல சார். பங்கு வாங்குததுக்கு."

"இந்தக் கிளையில இதுவரை யாரும் இப்படி அனுப்புனதில்ல மேடம். மதுரைக்குக் கேட்டு எழுதணும். பத்து நாள் ஆவும்."

"ஆவட்டும் சார். நான் பதினோராம் நாள் வாரேன்."

பதினோராம் நாள் போய் நின்றாள். 2022 ஜனவரியில் மூன்று கம்பெனிகளில் லட்சம் லட்சமாகப் போட்டாள். பிப்ரவரியில் சரிய ஆரம்பித்தது.

முதலில் அவளுக்குப் பயமில்லை. ஏறும், இறங்கும் என்று படித்திருந்தாள். ஆனால் மாதம் போகப் போக இறக்கம் மட்டும்தான் இருந்தது. அமெரிக்காவில் வட்டி ஏறியது. போனும் கம்ப்யூட்டரும் வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். சிப் இல்லை என்று அழுத உலகம் அதே வருடத்தில் சிப் தேங்கிக் கிடக்கிறது என்று அழுதது. ஆலைகள் புது மிஷின் ஆர்டர்களைத் தள்ளிப் போட்டன. அக்டோபரில் சீனாவுக்கு இந்த மிஷின்களை விற்பதற்கு அமெரிக்க அரசு கட்டுப்பாடு போட்டபோது பங்குகள் இன்னும் ஒருமுறை விழுந்தன. விளாத்திகுளம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் திறந்த சுதாராணி, மூன்று லட்சம் இருந்த இடத்தில் ஒரு லட்சத்து அறுபத்தையாயிரத்தைப் பார்த்தாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, இறங்கும்வரை வெளியே காற்றாலைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரமே தங்கச்சாமி வீட்டுக்கு வந்தான். சண்முகராஜிடம் கேட்பதுபோல் தங்கையைக் கேட்டான்.

"மாப்பிள்ளை, நீரும் பாத்துக்கிட்டா இருந்தீரு? அப்பா வெயில்ல கிடந்து திருத்துன நிலம்லா அது. ஏட்டி, உனக்குக் கண்ணால பாக்க முடியாத ஊர்ல என்னட்டி வியாபாரம்? என் பிளாட்டுல நான் போயி நிக்கலாம். நீ எங்க போயி நிப்ப?"

"நிக்க முடியாதுதான்ணே."

"அப்ப இருக்கதையாவது எடுத்துரு. இன்னைக்கே எடு."

"எடுக்க மாட்டேன்."

தங்கச்சாமி காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனான். சண்முகராஜ் மணியாச்சியில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்க்கிறவன். தினமும் பல மைல் லைனைப் பார்த்துக்கொண்டே நடப்பது வேலை. அவசரமாகப் பேசுகிற பழக்கம் அவனுக்கில்லை. அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னான்: "நான் எடுன்னும் சொல்லல, வையின்னும் சொல்லல. எனக்குப் புரியுத மாதிரி சொல்லு. புரிஞ்சுட்டுன்னா உங்க அண்ணனுக்கு நானே பதில் சொல்லுதேன்."

சுதாராணி நோட்டை எடுத்து வந்து சொல்லிப் பார்த்தாள். பாதியிலேயே அவளுக்கே குழறியது. அவனுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஓய்வு நாள். காலை ஒன்பது மணிக்குக் கழுகுமலை ரோட்டிலிருந்து முத்துசெல்வம் அண்ணாச்சியின் போன் வந்தது. அவர் ஆபீஸில் மருந்து முக்குகிற மிஷின் நின்றுவிட்டது. பட்டறை வண்டி வேறு ஊருக்குப் போயிருந்ததால் சண்முகராஜே பைக்கில் அவளைக் கூட்டிப்போனான்.

முத்துசெல்வம் அண்ணாச்சியை அவனுக்கும் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே மனிதர் கடைத்தெருவில் சுதாராணியைப் பார்த்து, "பிளாஸ்டிக் லைட்டர் வந்து எங்க பொழப்பைக் கெடுத்துட்டு. புது மிஷின்னு வாயைத் தொறக்காத தாயி, இந்த வருசம் ஒத்த ரூவா செலவு பண்ண மாட்டேன்" என்று சொன்னதை அவனும் பக்கத்தில் நின்று கேட்டிருந்தான். இன்று வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே குச்சி அடுக்கிய சட்டங்கள் வரிசையாகக் காத்திருந்தன. மருந்து கரைத்தாகிவிட்டது, நேரமானால் கட்டிதட்டிவிடும். பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சுதாராணி குனிந்து பார்த்தாள். ஒரு பேரிங் அரைபட்டுப் போயிருந்தது. அது செயினையும் இழுத்து நாசம் பண்ணியிருந்தது. "ரெண்டையும் மாத்தணும் அண்ணாச்சி. பதினாலாயிரத்துக்கு மேல வரும்."

"மாத்து."

"பழைய செயினை வச்சி இன்னைக்கு ஒருநா..."

"அதெல்லாம் வேண்டாம். புதுசையே போடு. ஓடணும், அவ்வளவுதான்."

முக்கால் மணி நேரத்தில் மிஷின் ஓடியது. முத்துசெல்வம் அண்ணாச்சி பேரமே பேசாமல் பணத்தை அனுப்பினார். அந்த மிஷின் பட்டறையிலிருந்து போய்ப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

திரும்பும்போது சண்முகராஜ் பைக்கை ஓரமாக நிறுத்தினான்.

"இதத்தான சொல்ல வந்த? புது மிஷின் வாங்க மாட்டான். ஆனா ஓடுத மிஷின் நின்னா உசுரைக் கொடுத்தாவது ஓட்டுவான்."

"ஆமா. ரூவா நோட்டு செல்லாதுன்னு சொன்னாவள்லா, அந்த வருசமும் சரி, கொரானா வந்த வருசமும் சரி, எங்க பட்டறையில ஒரு மிஷின் விக்கல. சம்பளம் நிக்காம வந்துச்சு. எல்லாம் சர்வீஸ்லயும் ஸ்பேர்லயும் வந்தது. சிப் மிஷினும் அதே மாதிரிதான். அது ஒரு மணி நேரம் நின்னா அவியளுக்கு வார நட்டத்தை நம்மளால நெனைக்கவே முடியாது."

"எங்க லைன்லயும் அப்படித்தான். புதுப் பாதை போடாத வருசமும் தண்டவாளத்தைப் பிடிக்குத கிளிப்பு மாத்தாம ரயில் ஓடாது." அவன் பைக்கை ஸ்டாண்டில் போட்டான். "சரி, மூணு கம்பெனின்னு சொன்னியே. மூணுக்கும் இந்த மாதிரி போன் வருமா?"

சுதாராணி இரண்டு விரலை மடக்கினாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

முதல் இரண்டுக்கும் வரும் என்று அவளுக்குத் தெரியும். அவர்களுடைய மிஷின்கள் பல ஆயிரக்கணக்கில் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவதைப் பற்றி அவள் அப்படி யோசித்ததே இல்லை. அந்த வருடம் ஜனவரிக்கு முன்னால் அது மற்ற இரண்டையும்விட வேகமாக ஏறியிருந்தது, அதனால் வாங்கினாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்தாள். நூற்றுச் சொச்சம் பக்கம். மூன்று நாள், பட்டறை முடிந்து வந்து, ஒவ்வொரு பக்கமாகப் போனின் மொழிபெயர்ப்பு உதவியோடு படித்தாள். விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே ஒரு ஆலைக்குப் போகிறது என்று ஒரு பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. சர்வீஸ் என்ற தலைப்பில் வருகிற பணம் பெயருக்குத்தான் இருந்தது. அந்த ஒரு ஆலை, புது மிஷின் வாங்குவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்துவிட்டதாக ஏற்கெனவே செய்தி வந்திருந்தது.

லட்ச ரூபாய் முப்பத்தெட்டாயிரமாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அமெரிக்கச் சந்தை திறந்ததும், கணவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதை விற்றாள்.

"இது என் தப்பு" என்றாள். "ஏறுதேன்னு வாங்கிட்டேன். சந்தை மேல பழி போட முடியாது."

போன அறுபத்திரண்டாயிரம் என்பது அவளுக்கு மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். முகத்தைக் கழுவப் போனவள் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்ததும் நோட்டை விரித்து, மற்ற இரண்டு கம்பெனிகளின் பெயருக்குக் கீழே ஓர் அட்டவணை போட்டாள். ஐந்து மாதம், மாதம் ஒருமுறை, என்ன விலையானாலும் வாங்குவது. நடுவில் விலையைத் திறந்து பார்ப்பதில்லை. கடன் வாங்கிப் போடுவதில்லை. விற்று வந்த முப்பத்தெட்டாயிரமும், நவம்பரில் முடிகிற சீட்டுப் பணம் ஒன்றரை லட்சமும் அதற்குப் போகும்.

"இதுவும் போயிட்டுன்னா?" என்று சண்முகராஜ் கேட்டான்.

"போனா, இன்னும் இருபது வருசம் மிஷினுக்குக் கீழ படுத்து எந்திரிப்பேன். ஆனா பயந்துகிட்டு எடுத்தோம்னு இருக்கக் கூடாது. தப்புன்னு தெரிஞ்சதை வித்துட்டேன். சரின்னு தெரிஞ்சதை எதுக்கு விக்கணும்?"

அவன் போனை எடுத்துத் தங்கச்சாமியைக் கூப்பிட்டான். "அத்தான், நான் பாத்துட்டேன். அவ செய்யுதது எனக்குப் புரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் பாங்க் கமிஷன் பிடிக்கும் என்பதால் சீட்டுப் பணத்தை ஒரே தடவையாக அனுப்பினாள். வாங்குவதை மட்டும் ஐந்தாகப் பிரித்தாள். பாங்க் அதிகாரி பாரத்தில் சீல் குத்திக்கொண்டே, "விழுந்து கிடக்குன்னு டி.வி.யில சொல்லுதானே மேடம்?" என்றார்.

"அதனாலதான் சார்."

அதற்கடுத்த மாதம்தான் பெரிய அடி விழுந்தது. பாலகணேஷ் அண்ணாச்சி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேசைமேல் மின்கட்டண ரசீது கிடந்தது.

"ஆறு மாசமா ஒரு மிஷினுக்கு ஆர்டர் இல்லம்மா. நாலு பேரை நிப்பாட்டுதேன். உனக்குப் பாதிச் சம்பளம்தான் தர முடியும். மனசுல வச்சுக்கிடாத."

யாரைக் கேட்டாலும் பங்கை விற்று வீட்டைப் பார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். சுதாராணி இரண்டு நாள் வீட்டுச் செலவைப் பேனாவால் அடித்து அடித்துக் குறைத்தாள். மூன்றாம் நாள் அண்ணாச்சியிடம் போனாள்.

"பாதிச் சம்பளத்துக்குச் சம்மதம். ஆனா சர்வீஸ்ல வார லாபத்துல நாலுல ஒரு பங்கு எனக்கு வேணும்."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "இருக்க நெலமையில பங்கு கேக்கியே?"

"இருக்க நெலமையிலதான் கேக்க முடியும் அண்ணாச்சி. புது மிஷின் விக்காம இருக்கலாம். நாம வித்த மிஷின் முந்நூத்துச் சொச்சம் இந்தச் சுத்துல ஓடுது. எது எப்ப பேரிங் மாத்துச்சுன்னு என்கிட்ட எழுதியிருக்கு. அவிய போன் பண்ணுத வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நான் முன்னாலயே போறேன். மிஷின் நின்ன பொறவு ஓடிப்போயி செய்யுத வேலைய, நிக்கிததுக்கு முன்னாலயே செய்யுதேன். விடுங்க, ஆறு மாசம் பாருங்க."

அவர் ரசீதின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பிறகு, "அஞ்சுல ஒண்ணு" என்றார்.

"நாலுல ஒண்ணு அண்ணாச்சி."

ஒத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலமும் அடுத்த கோடையும் சுதாராணி வீட்டிலிருந்த நேரம் குறைவு. சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, கடம்பூர் என்று சுற்றினாள். உதிரிச் சாமான்களை ஒரு பழைய டி.வி.எஸ். வண்டியில் சாக்கில் கட்டி எடுத்துப் போனாள். சில ஆபீஸ்களில் கூப்பிடாமல் எதற்கு வந்தாய் என்று விரட்டினார்கள். இரண்டாவது தடவையும் போனாள். மாதம் ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து அட்டவணைப்படி வாங்கினாள். டிசம்பரில் வாங்கியது உடனே இறங்கியது. ஜனவரியில் வாங்கியது ஏறியது. இரண்டையும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டாள். மார்ச்சோடு சீட்டுப் பணம் தீர்ந்தது.

2023 நடுவில் போட்ட பணம் திரும்பி நின்றது. அதற்குள் செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சு உலகமெல்லாம் கிளம்பியிருந்தது. அதற்குப் புது மாதிரி சிப்கள், அந்தச் சிப்களுக்குப் புது மிஷின்கள் தேவைப்பட்டன. இப்படி ஒன்று வரும் என்று சுதாராணிக்குத் தெரியாது. தெரிந்ததாக அவள் யாரிடமும் சொன்னதுமில்லை. ஓடுகிற மிஷினுக்குச் சாமான் விற்றுக்கொண்டு அந்தக் கம்பெனிகள் கெட்ட காலத்தைத் தாண்டிவிடும் என்பதுதான் அவள் நம்பியது. அவை தாண்டின. அதற்குமேல் வந்ததெல்லாம் அவள் எதிர்பார்க்காதது. மொத்தம் நாலரை லட்சம் போட்டவளுக்கு, விற்ற கம்பெனியின் நட்டமும் போக, 2024 ஜூலையில் ஏழே முக்கால் லட்சம் இருந்தது.

தங்கச்சாமி மறுபடி வந்தான். இந்தத் தடவை காப்பியைக் குடித்தான்.

"ஏட்டி, என் பேர்லயும் ஒரு ரெண்டு லட்சத்துக்கு அதை வாங்கிக் கொடு."

"வேண்டாம்ணே. பாதி விழுந்தாலும் தூங்குவேன்னு சொல்லு, வாங்கித் தாரேன்."

அவன் யோசித்தான். நேர்மையான ஆள்தான். "தூங்க மாட்டேன்" என்றான்.

"அப்ப பிளாட்டே உனக்குச் சரி."

இருவரும் சிரித்தார்கள். 2022 அக்டோபர் முதல் அண்ணனுக்கும் தங்கைக்கும் இருந்த உறுத்தல் அன்று போயிற்று.

அந்த மாதமே அவள் பாதிப் பங்குகளை விற்றாள். வரிக்கு ஒதுக்கியது போக வந்த பணத்தோடு பாலகணேஷ் அண்ணாச்சியும் அதே அளவு போட, கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைக் கடைகிற பழைய சி.என்.சி. லேத் ஒன்றை வாங்கி வந்தார்கள். ரோலர், கேம் மாதிரி உதிரிச் சாமான்கள் இனி வெளியூரிலிருந்து வர வேண்டாம். அவள் ஊர் ஊராகச் சுற்றி வளர்த்த சர்வீஸ் பிரிவு தனி நிறுவனம் ஆயிற்று. அதில் அவளுக்குச் சரிபாதி. நிறுத்தப்பட்ட நாலு பேரில் இருவரைத் திரும்பக் கூப்பிட்டாள். மற்ற இருவரும் திருப்பூருக்குப் போய்விட்டிருந்தார்கள்.

2025 ஏப்ரலில் நாடுகளுக்குள் இறக்குமதி வரிச் சண்டை என்று சந்தை மறுபடி தலைகுப்புற விழுந்தது. மிச்சமிருந்த பங்குகள் பத்து நாளில் கண்ணெதிரே கரைந்தன. அதில் ஒருநாள் அவள், லேத்தை மாற்றி வைக்கக் கட்டிய புது ஷெட்டுக்கு மும்முனை மின்சாரம் இழுக்க வந்தவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வயர் தடிமன் போதாது என்பது அவள் கட்சி. சண்முகராஜ் மணியாச்சியிலிருந்து போனில் செய்தியைச் சொன்னான்.

"பாத்தேன்" என்றாள். "அந்த ரெண்டு கம்பெனியோட சர்வீஸ் வருமானம் போன வருசத்தவிடக் கூடத்தான் இருக்கு. இந்த மாசம் நாப்பதாயிரத்துக்கு வாங்குதேன்."

"கையில இருக்கா?"

"இருக்கு. உமாராணி சட்டம் படிக்கணும்னு நிக்கா, தெரியும்லா? அந்த டெபாசிட்டுல கை வைக்கல. இது நம்ம சர்வீஸ்ல என் பங்குக்கு வந்த லாபம்."

போனை வைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினாள். அவர் இன்னும் அந்த மெல்லிய வயரையே கையில் வைத்திருந்தார். சுதாராணி அதை வாங்கிச் சுருட்டி அவர் பைக்குள்ளேயே வைத்தாள்.

"கடைக்குப் போயி தடிச்சதை வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி. நீங்க வார வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."